சமூகப்பணிக் கல்விச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பல ஊர்களிலிருந்து வந்திருக்கும் சமூகப்பணித் துறை ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

நம் தேசியச் சங்கத்தின் அலுவலகம் சுழற்சி முறையில் தமிழ்நாட்டுக்கு வந்து ஓராண்டு முடிகிறது. பிற மாநில உறுப்பினர்களுக்கு ஆங்கில அறிக்கை தனியாகப் போய்விட்டது. நம்மவர்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டியவை சில இருப்பதால் இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். சற்று நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு நான்கு முறை கூடியது. மார்ச் மாத மூன்றாவது செவ்வாய்க்கிழமை வரும் உலகச் சமூகப்பணி நாளை உறுப்புக் கல்லூரிகள் அவரவர் ஊரில் கொண்டாடின. செய்திமடல் இரண்டு இதழ்கள் வந்தன. மூன்றாவது இதழுக்குக் கட்டுரை வரவில்லை. ஆய்வு மாணவர்களுக்கான பயிலரங்கு ஒன்று திருச்சியில் நடந்தது. மறைந்த மூத்த பேராசிரியர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இந்த ஆண்டின் பெரிய வேலை களப்பணிக் கையேடு, அதாவது மாணவர்கள் நிறுவனங்களுக்கும் குடும்பங்களிடமும் நேரில் போய் வேலை பழகுவதற்கான வழிகாட்டி நூல். அதற்கு ஏன் இவ்வளவு நேரமும் பணமும் செலவிட்டீர்கள், அந்தப் பணத்தில் ஒரு தேசிய மாநாடே நடத்தியிருக்கலாமே என்று செயற்குழுவில் சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு அங்கேயே பதில் சொன்னேன். எல்லாருக்கும் தெரியட்டும் என்று இங்கேயும் சொல்கிறேன்.

நம் படிப்பு களத்திலிருந்து பிறந்தது. 1936இல் மும்பையில் சர் தொராப்ஜி டாடா பெயரில் இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியபோது, அதன் முதல் இயக்குநராக வந்தவர் கிளிஃபர்டு மான்ஷார்ட். அதற்குப் பத்தாண்டு முன்பே மும்பையின் நாக்பாடா பகுதியில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு சமூக இல்லத்தை நடத்தத் தொடங்கியவர் அவர். அந்த அனுபவத்திலிருந்துதான் பள்ளி வந்தது. சென்னையிலும் இதே கதைதான். கில்டு ஆஃப் சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பு மூலம் வருடக்கணக்காகத் தொண்டு செய்த மேரி கிளப்வாலா ஜாதவ், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும் என்ற தேவை கண்முன் நின்றதால் 1952இல் மெட்ராஸ் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். வாரத்தில் இரண்டு நாள் களம், மற்ற நாள் வகுப்பு என்ற ஏற்பாடு நம் கல்விக்கு முதுகெலும்பு. பல்கலைக்கழக மானியக் குழு நியமித்த ஆய்வுக்குழுக்களும், 2001இல் வந்த மாதிரிப் பாடத்திட்டமும் களப்பணிக்கு முக்கிய இடம் கொடுத்தன.

சரி, இன்று நடப்பது என்ன? கையேட்டுக்காக உறுப்புக் கல்லூரிகளிடம் மாணவர்களின் களப்பணிக் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கினோம். ஒரு குறிப்பேட்டைத் திறந்தால், 'இன்று நிறுவனத்திற்குச் சென்றோம். மேற்பார்வையாளர் வெளியூர் சென்றிருந்தார். பதிவேடுகளைப் பார்வையிட்டோம். மாலை திரும்பினோம்' என்று இருக்கிறது. அடுத்த வாரமும் அதே நான்கு வரி. அதற்கு அடுத்த வாரமும் அதேதான். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் துறை ஆசிரியரின் பச்சை மைக் கையெழுத்து. அந்த மாணவர் இரண்டாம் ஆண்டு வாய்மொழித் தேர்வில் தேறி, இப்போது பட்டதாரி. நாளைக்கு ஒரு குழந்தைகள் இல்லத்தில் அவரை வேலைக்கு வைப்பார்கள். வீட்டைவிட்டு ஓடிவந்த ஒரு பிள்ளை அவர் முன் உட்காரும். அந்தப் பிள்ளையிடம் அவர் என்ன பேசுவார் என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய மாணவர் எண்ணிக்கை பல இடங்களில் கைமீறிப் போய்விட்டது. தனிச் சந்திப்பு, குழுச் சந்திப்பு என்று அட்டவணையில் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அவரைத் தேர்வுப் பணிக்கோ நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) கோப்பு எழுதவோ அனுப்பிவிடுகிறார்கள். மாணவர் களப்பணிக்குப் போகும் நிறுவனமான ஏஜென்சியின் பக்கமோ, மேற்பார்வை செய்பவருக்கு நாம் ஒரு நன்றிக் கடிதத்துக்கு மேல் எதுவும் தருவதில்லை. தன்னிடம் வரும் மாணவனுக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்று அவருக்கு யாருமே சொன்னதில்லை.

கையேடு இந்த மூன்று பேருக்கும், அதாவது மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஏஜென்சி மேற்பார்வையாளருக்கும், தனித்தனிப் பகுதி வைத்திருக்கிறது. முதல் வாரம் என்ன செய்வது, வீட்டுக்குப் போகும்போது யாரிடம் அனுமதி கேட்பது, தனிநபர்ப் பணியில் ஒருவர் சொன்னதை எப்படிப் பதிவது, எதை எழுதக்கூடாது, மாணவிகள் மாலையில் தனியாகப் போகவேண்டிய இடங்களில் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று நடைமுறையாகவே எழுதியிருக்கிறோம். குறிப்பேட்டைத் தமிழில் எழுதலாம் என்பதை நான் வற்புறுத்திச் சேர்த்தேன். அதில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் நேரில் பார்த்தவர்களுக்கு விஷயம் புரியும். குடிநோய் மறுவாழ்வு மையத்தில் ஒரு மாணவி, நோயாளியின் மனைவியிடம் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். அந்த அம்மா அடகு வைத்த தாலியைப் பற்றியும், பள்ளிக்குப் போக மறுக்கும் மூத்த மகனைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். குறிப்பேட்டில் இருப்பதோ, 'குடும்பத்தினருக்கு ஆலோசனை வழங்கப்பட்டது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரே வரி. ஏனம்மா என்று கேட்டதற்கு, இங்கிலீஷில் அவ்வளவு எழுத வராது சார் என்றார். அப்புறம் அதையே தமிழில் எழுதச் சொன்னேன். ஆறு பக்கம் எழுதி வந்தார். அந்த ஆறு பக்கத்தைப் பெயர், ஊர் மாற்றி, அவர் சம்மதத்தோடு கையேட்டில் மாதிரிப் பதிவாகச் சேர்த்திருக்கிறோம். இதை ஒவ்வொரு துறையிலும் முதலாமாண்டு மாணவர்களுக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒழுங்காக நடக்கும் களப்பணி எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு நம் துறையிலேயே சான்று இருக்கிறது. 1984இல் மும்பை காவல் துறைக்குள், மேலே சொன்ன முதல் பள்ளியின் இன்றைய வடிவமான டாடா சமூக அறிவியல் நிறுவனம் தொடங்கிய பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு ஒரு களச் செயல்திட்டம். 1996இல் அதே மும்பையில் தெருப் பிள்ளைகளோடு வேலை செய்ததிலிருந்து வந்ததுதான் நாடு முழுக்கக் குழந்தைகள் அழைக்கும் 1098 என்ற உதவித் தொலைபேசி எண்.

கையேடு தமிழில் அச்சாகிவிட்டது. இந்தி, மலையாள மொழிபெயர்ப்புகள் நடக்கின்றன. ஏஜென்சி மேற்பார்வையாளர்களுக்கான பயிற்சி மதுரையிலும் கோவையிலும் நடந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் சிறு தொண்டு நிறுவனங்களின் ஊழியர்கள். அவர்கள் காட்டிய அக்கறை எனக்குப் பெரிய தெம்பு.

இனி தேசியக் கவுன்சில் கோரிக்கை, அதாவது இந்தத் தொழிலுக்கு யார் தகுதியானவர் என்று சொல்லச் சட்டப்படியான ஓர் அமைப்பு வேண்டும் என்ற கோரிக்கை. நர்சுகளுக்கான கவுன்சில் சட்டம் 1947லேயே வந்துவிட்டது. மருந்தாளுநருக்கு 1948, வழக்கறிஞருக்கு 1961, மறுவாழ்வுத் துறையினருக்கு 1992. பிலிப்பைன்ஸில் சமூகப்பணியாளர் பதிவு பெற்றுத்தான் தொழில் செய்ய வேண்டும் என்ற சட்டம் 1965லேயே வந்துவிட்டது. நம் நாட்டில் முதல் பள்ளி தொடங்கி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் சமூகப்பணிக்கென்று தனிக் கவுன்சில் இல்லை. 2021இல் வந்த துணை மருத்துவ, உடல்நலத் தொழிலர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மருத்துவ, உளநலச் சமூகப்பணியாளர்கள் இடம்பெற்றார்கள். நல்ல விஷயம். ஆனால் பள்ளியில், சிறையில், குழந்தைகள் இல்லத்தில், தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் எங்கே போவது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 500 தொழிலாளர் இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 250 ஆக்கியிருக்கிறது. வேலைவாய்ப்பு கூடும். அந்த இடத்துக்கு யார் தகுதியானவர் என்று சொல்ல ஓர் அமைப்பு இல்லையென்றால், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம்.

இதற்கான மனுவைத் தயாரித்து, துறைத் தலைவர்களின் கையெழுத்துக் கேட்டு எல்லா உறுப்புக் கல்லூரிகளுக்கும் அனுப்பினேன். நினைவூட்டலும் அனுப்பினேன். தொலைபேசியிலும் பேசினேன். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த பதில் கூட நம் பக்கத்து மாவட்டங்களிலிருந்து வரவில்லை. மனு தொடர்பாக அமைச்சக அதிகாரியைச் சந்தித்த டெல்லிக் கூட்டத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்ட செயற்குழு உறுப்பினர்களில் பலர் கடைசி நேரத்தில் வர இயலவில்லை என்று செய்தி அனுப்பினார்கள். அமைச்சக அதிகாரி முதலில் கேட்டது, 'உங்கள் சங்கத்தில் எத்தனை கல்லூரிகள்?' என்பதைத்தான். உறுப்பினர் பதிவேட்டைக் காட்டினோம். 'இதில் நடப்பு ஆண்டில் சந்தா கட்டியவர்கள் எத்தனை பேர்?' என்றார் அடுத்து. அந்த இடத்தில் நாங்கள் பட்ட சங்கடத்தை இங்கே இருப்பவர்கள் உணர வேண்டும்.

சந்தா பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாதிக்கும் மேற்பட்ட கல்லூரிகள் பாக்கி வைத்திருக்கின்றன. சில கல்லூரிகளின் பாக்கி, அலுவலகம் இங்கே வருவதற்கு முன்பிருந்தே தொடர்கிறது. கல்லூரி நிர்வாகம் தருவதில்லை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அதே கல்லூரிகள் நாக் குழு வரும்போது சங்க உறுப்பினர் சான்றிதழ் கேட்டு அவசரமாக ஆள் அனுப்புகின்றன. கேட்ட எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன், யாரையும் திருப்பி அனுப்பவில்லை. பணம் பிறகு அனுப்புகிறோம் என்றவர்களின் பட்டியலைப் பொருளாளர் வைத்திருக்கிறார். அதை இங்கே வாசிப்பது முறையாகாது.

வரவு செலவு: சந்தா, கையேடு விற்பனை, ஒரு நன்கொடை ஆகியவை வரவு. அச்சுச் செலவு, பயிற்சி, பயணம், அலுவலக உதவியாளர் சம்பளம் ஆகியவை செலவு. முந்தைய ஆண்டின் இருப்பிலிருந்து கொஞ்சம் எடுக்க வேண்டி வந்தது. நிரந்தர வைப்பு தொடப்படவில்லை. தணிக்கை முடிந்ததும் முழுக் கணக்கு எல்லாருக்கும் அனுப்பப்படும்.

நன்றிகள்: வழிகாட்டிய தலைவருக்கு, கணக்கைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட பொருளாளருக்கு, அறை கொடுத்த கல்லூரி நிர்வாகத்துக்கு, கையேட்டைப் பிழை திருத்திய தமிழ்த்துறை ஆசிரியர்களுக்கு, மாலை ஆறு மணிக்கு மேலும் இருந்து தபால் ஒட்டிய அலுவலக உதவியாளருக்கு.

அடுத்த ஆண்டு பற்றி. அலுவலகம் இன்னும் ஓராண்டு இங்கேதான் இருக்கும். மனுவை மறுபடி எடுத்துப் போக வேண்டும். பதிவேட்டில் இருக்கும் பெயர்கள் உண்மையாகவே உறுப்பினர்களாக இருந்தால்தான் அது எடுபடும். கையேட்டின் அடுத்த பகுதி கிராம முகாம் பற்றியது. பாதி எழுதியாயிற்று. என் பதவிக்காலம் இந்தப் பொதுக்குழுவோடு முடிகிறது. வீட்டிலும் உடம்பிலும் முன்போல் இல்லை என்பதால் புதியவர் ஒருவர் வருவதே நல்லது என்பது என் விருப்பம். யாரும் முன்வராத நிலையில் இந்த வேலை நடுவில் நிற்க நான் விடமாட்டேன். ஆனால் அப்படித் தொடர வேண்டுமென்றால் கையெழுத்துக் கேட்டால் கையெழுத்து, கூட்டம் என்றால் வருகை என்று செயற்குழு உறுதி கொடுக்க வேண்டும்.

செயலாளர் பதவிக்கான வேட்புமனுப் படிவங்கள் பொருளாளர் மேசையில் இருக்கின்றன. மதிய உணவுக்கு முன் கொடுத்துவிடுங்கள். சந்தா ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான். காசோலை, ஜிபே இரண்டும் ஏற்கப்படும். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
செயலாளர்