எடைக்குப் போகும் ஏடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி அருகே பழைய நாற்றுப் பண்ணை ஒன்றுக்கு மாங்கன்று வாங்கப் போயிருந்தேன். கொட்டகை மூலையில், எடைக்குப் போடுவதற்காகப் பதிவேடுகளைக் கட்டி வைத்திருந்தார்கள். ஒன்றைப் பிரித்தேன். கரையான் அரித்த ஓரத்தை ஒட்டி, ‘பெங்களூரா ஒட்டு, தாய்மரம் கிணற்றடி’ என்று நீல மையில் எழுதியிருந்தது. எந்த மா ரகத்தை எந்த மரத்திலிருந்து ஒட்டுக் கட்டினார்கள் என்ற குறிப்பு அது. மனம் பதறிவிட்டது.

கொல்கத்தா தாவரவியல் பூங்காவை 1793 முதல் கவனித்த வில்லியம் ராக்ஸ்பர்க், நம் நாட்டு ஓவியர்களைக் கொண்டு 2,500-க்கும் மேற்பட்ட செடிகளை வரையச் செய்தார். அவற்றின் ஒரு தொகுப்பு லண்டன் கியூ பூங்காவில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. நம் மாவின் வரலாறு மட்டும் பழைய பேப்பர் கடைக்குப் போகலாமா?

தோட்டக்கலைத் துறையினர் இத்தகைய ஏடுகளைத் திரட்டி, எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலோ உடனே சேர்க்க வேண்டும்.

— மா விவசாயி ஒருவர், காவேரிப்பட்டணம்