குடியிருப்புப் பலசரக்குக் கடையில் வாரம் முழுவதும் நல்ல காய்கறி கிடைக்க ஆவன செய்யக் கோரும் மனு

அனுப்புநர்: குடியிருப்போர் அனைவரின் சார்பில்
பெறுநர்: உணவுப் பொருள் வழங்கல் அலுவலர் அவர்கள்

பொருள்: காய்கறி, பழ வரத்தை வாரம் மூன்று முறையாக உயர்த்தித் தருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் குடியிருப்பில் நடந்து செல்லும் தொலைவில் இருப்பது ஒரே ஒரு பலசரக்குக் கடை. அங்கே உலர்ந்த பொருள்களுக்கு எப்போதும் குறைவில்லை. ஆனால் காய்கறி வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே இறங்குவதால், அன்றும் மறுநாளும் வருபவர்களுக்கு நல்ல காய் கிடைக்கிறது. பிறகு வருபவர்களுக்கு முளைவிட்ட உருளைக்கிழங்கும் தோல் சுருங்கிய தக்காளியும்தான் மிஞ்சுகின்றன.

சரக்கு வந்த நான்காம் நாள் வாங்கிய ஒரு கீரைக் கட்டை வீட்டில் பிரித்தபோது, மேல் இலைகள் பசுமையாகத் தெரிந்தாலும் கட்டுக்கு அடியிலிருந்த தண்டுகள் கொழகொழவென்று அழுகி விரலில் ஒட்டின. வாட்டம் தெரியாமலிருக்க அடிக்கடி தண்ணீர் தெளித்ததால் வந்த வினை அது. கடைக்காரர் மீது எங்களுக்கு வருத்தம் ஏதுமில்லை; விற்காத காயைக் குப்பையில் கொட்டி நட்டப்படுபவரும் அவரே.

பறித்த பின்னும் காய்கள் சுவாசிக்கின்றன என்பதும், வெப்பம் ஏற ஏற அந்தச் சுவாசமும் நீரிழப்பும் விரைவுபடுகின்றன என்பதும் தாங்கள் அறிந்ததே. குளிர்பெட்டி ஒன்றை வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கீரைக்கு 0 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரும் மிகுந்த ஈரப்பதமும் வேண்டும். அதே குளிரில் தக்காளி சுவை கெடும், வாழைப்பழம் கறுக்கும். பழுத்த பழங்களிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு, பக்கத்தில் வைத்த கீரையை மஞ்சளாக்கிவிடும். ஆகவே சிறிய கடைக்கு ஏற்ற வழி, குறைந்த அளவில் அடிக்கடி சரக்கு வருவதே.

உலக சுகாதார நிறுவனம், கிழங்கு வகைகளைச் சேர்க்காமல், ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் உண்ண வேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு இது வாரத்துக்கு 11 கிலோவைத் தாண்டும். வண்டி வைத்திருப்பவர்கள் தொலைவிலுள்ள சந்தைக்குப் போய் வாங்கிக்கொள்கிறார்கள். முழங்கால் வலியுள்ள மூதாட்டி அந்தச் சுமையைப் பேருந்தில் ஏற்றி இறக்குவது எப்படி?

எனவே, அக்கம்பக்கத்துச் சிறு கடைகளின் தேவையை ஒன்றாகத் திரட்டி, மொத்தச் சந்தையிலிருந்து ஒரே வண்டி வாரம் மூன்று நாள் எல்லாக் கடைகளுக்கும் சரக்கு இறக்கிச் செல்லுமாறு ஏற்பாடு செய்து தர வேண்டுகிறோம். அது நடைமுறைக்கு வரும் வரையில், கடைக்கு அருகிலுள்ள பொது இடத்தில் விளைவிப்போரே காலை வேளையில் நேரடியாக விற்க அனுமதி வழங்கினால் பேருதவியாக இருக்கும். இரண்டில் ஒன்றுதான் இயலுமெனில் முதலாவதையே கேட்போம். கடைக்காரரின் பிழைப்பும் கெடக்கூடாது.

நேரில் ஆய்வுக்கு வருவதாயின், சரக்கு இறங்கும் நாளைத் தவிர்த்து, அதற்கு நான்கு நாள் கழித்து வருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்போர்