கேள்விக்குறிக்கு எத்தனை குழி?

அனுப்புநர்:
நில அளவையர் (ஓய்வு),
கும்பகோணம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
இணையத்தள வழங்கி நிறுவனம்,
சென்னை.

நாள்: 12.09.2024

பொருள்: வழங்கி மாற்றத்தில் என் வலைப்பதிவின் பின்னக் குறிகள் அழிந்தது – காப்புப் பிரதி எடுக்கப்படாதது – சரிசெய்து தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 2021 மார்ச் மாதத்துப் பட்டியல், எனது நான்கு புகார்கள், அவற்றுக்கு வந்த நான்கு பதில்கள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கடந்த மாதம் ஒரு நாள் காலை மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பாட்டனார் காலத்துப் பாகப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என் வலைப்பதிவைப் பார்த்துத் தன் பங்கு நிலத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாராம். "எல்லாம் விளங்குகிறது ஐயா. இந்தக் கேள்விக்குறிக்கு எத்தனை குழி என்று மட்டும் நீங்கள் எழுதவில்லையே" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் கணினியைத் திறந்தேன். அவர் கேலி செய்யவில்லை. முந்திரி என்ற பின்னக் குறி இருந்த இடத்தில் கேள்விக்குறி. காணி இருந்த இடத்தில் கேள்விக்குறி. மாகாணிக்கும் அதுவே. என்னுடைய 63 பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 61 பதிவுகளில் இதே கதி. பார்த்து முடித்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் கடந்துவிட்டது.

நான் 31 ஆண்டுகள் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றபின், தஞ்சை வட்டாரத்துப் பழைய பத்திரங்களையும் கணக்குகளையும் எப்படிப் படிப்பது என்று எழுதி வருகிறேன். எங்கள் பக்கத்தில் இன்றும் வயலை மாக் கணக்கில்தான் பேசுவார்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். வேலிக்குக் கீழே இறங்கினால் பத்திரம் முழுவதும் பின்னம்தான். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று, மாகாணி 16இல் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி இருக்கிறது. வேலியில் ஒரு முந்திரி என்பது 6¼ குழி, இன்றைய கணக்கில் ஏறக்குறைய 2 சென்ட். இரண்டு சென்ட்டுக்காக அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திக்கொண்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. ஆகவே, "ஏதோ சில குறியீடுகள் தெரியவில்லை" என்று உங்கள் ஊழியர் எழுதியிருப்பதை நான் ஏற்க முடியாது. (இந்தக் கடிதத்தில் அந்தக் குறிகளை இடாமல் பெயரால்தான் எழுதுகிறேன். உங்கள் புகார்ப் பெட்டியும் அவற்றைத் தின்றுவிடுமோ என்ற அச்சம்.)

2021 மார்ச்சில் வலைப்பதிவு அமைத்துத் தருவதற்காக உங்களுக்கு ₹14,500 கட்டினேன். ஆண்டுச் சந்தா ₹4,200 தனி. ஒருமுறைகூடத் தவணை தவறியதில்லை. என் வலைப்பதிவை இயக்கும் வேர்ட்பிரஸ் இலவச மென்பொருள் என்பது எனக்கு அப்போதே தெரியும். 2003 முதல் பல நாட்டார் கூடி எழுதிவரும் நிரல் அது, எவரும் இறக்கிக்கொள்ளலாம். நிறுவ ஐந்து நிமிடம் போதும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. இருந்தாலும் பணம் கொடுத்ததில் எனக்கு வருத்தம் கிடையாது. தண்ணீர் பொது என்பதற்காகக் குழாய் போடுகிறவருக்குக் கூலி இல்லை என்று சொல்ல முடியுமா?

அன்று என் தளத்தை அமைத்துக் கொடுத்த உங்கள் இளைஞரை இங்கே பாராட்டியாக வேண்டும். தொலைபேசியில் இரண்டு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். தமிழில் நீளமான தலைப்பு வைத்தால் பதிவின் முகவரி பாதியில் அறுந்துபோகும் என்று முதன்முதலில் சொன்னவர் அவர்தான். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு தமிழ் எழுத்தும், ஒவ்வொரு கொம்பும் காலும்கூட, ஒன்பது ஆங்கிலக் குறிகளாக விரிந்துவிடுமாம். வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். ஆக 22 எழுத்துக்கு மேல் தாங்காது. "முகவரியை மட்டும் நீங்களே சுருக்கி எழுதிவிடுங்கள் ஐயா" என்றார். அதனால் என் இணைப்புகள் எதுவும் இன்றுவரை அறுந்ததில்லை. அவர் இப்போது உங்களிடம் இல்லை என்று கேள்விப்பட்டேன். உங்கள் பதில்களைப் படித்தபோது அது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

உங்கள் பட்டியலில் "7 பயனுள்ள செருகுநிரல்கள்" என்று, வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அதில் இரண்டு, அகிஸ்மெட்டும் ஹலோ டாலியும், வேர்ட்பிரஸை இறக்கினாலே கூட வருபவை. ஹலோ டாலி என்ன செய்யும் தெரியுமா? கட்டுப்பாட்டுப் பக்கத்தின் மூலையில் ஓர் ஆங்கிலப் பாட்டின் ஒரு வரியைக் காட்டும். அவ்வளவுதான். அதைப் பயனுள்ளது என்று பட்டியலில் சேர்த்தவரின் துணிச்சலை மெச்சுகிறேன். அகிஸ்மெட் எரிதங்களை, அதாவது வேண்டாத விளம்பரக் கருத்துகளை, வடிகட்டும் நல்ல கருவி. ஆனால் அதற்குரிய சாவியைப் பெற்று இட்டால்தான் அது வேலை செய்யும். நீங்கள் இடவில்லை. ஆறு மாதம் சூதாட்ட விளம்பரங்களைக் கையால் அழித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு நானே இட்டுக்கொண்டேன். அது பழைய கதை, போகட்டும். அட்டவணைக்கு டேபிள்பிரஸ், பழைய முறையில் எழுதுவதற்குக் கிளாசிக் எடிட்டர், வாசகர் கடிதத்துக்குக் காண்டாக்ட் ஃபார்ம் 7, தேடுபொறிக்கு யோஸ்ட் ஆகியவை நன்றாகவே உழைக்கின்றன. காப்புப் பிரதி எடுப்பதற்கான ஏழாவது, அப்டிராஃப்ட்பிளஸ் பற்றிப் பிறகு வருகிறேன்.

கடந்த ஜூன் மாதம் உங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தளத்தைப் புதிய, வேகமான வழங்கிக்கு, அதாவது தளத்தைத் தாங்கும் வேறொரு கணினிக்கு, மாற்றுவதாகவும், நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நானும் எதுவும் செய்யவில்லை. தளம் உண்மையிலேயே வேகமாகத் திறந்தது. ஆகஸ்டில் அந்தத் தொலைபேசி வரும்வரை எனக்கு ஒன்றும் தெரியாது.

முதல் புகாருக்கு, "உங்கள் தளம் இயல்பாகத் திறக்கிறது" என்று முகப்புப் பக்கத்தின் படத்தோடு பதில் வந்தது. முகப்பில் பின்னமே கிடையாது. இரண்டாவது பதில், உலாவியின் தற்காலிகச் சேமிப்பை அழிக்கச் சொன்னது. அழித்தேன், பக்கத்து வீட்டுக் கைப்பேசியிலும் நூலகக் கணினியிலும் பார்த்தேன், எல்லா இடத்திலும் அதே கேள்விக்குறி. மூன்றாவதாக, செருகுநிரல்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, எல்லாவற்றையும் முடக்கிப் பாருங்கள் என்றீர்கள். முடக்கினேன். அட்டவணைகள் இருந்த இடமெல்லாம் சதுர அடைப்புக்குள் ஒரு சுருக்குக்குறி மட்டும் நின்றது; வாசகர் கடிதப் படிவம் காணாமல் போனது; கேள்விக்குறிகள் மட்டும் இருந்த இடத்தில் அசையாமல் இருந்தன. நான்காவது பதிலில் தீர்ப்பே எழுதிவிட்டீர்கள்: "இது எழுத்துருச் சிக்கல், எங்கள் சேவையின் கீழ் வராது."

எழுத்துருச் சிக்கல் என்றால் கேள்விக்குறி வராது, வெறுங்கட்டம்தான் வரும். அதைக்கூட விடுங்கள். சேதமாகாத இரண்டு பதிவுகள் இருக்கின்றன என்றேன் அல்லவா? அவை நான் முதன்முதலில் எழுதியவை. அந்தக் குறிகளைத் தட்டச்சு செய்ய அப்போது எனக்கு வழி தெரியாது. அதனால் முந்திரிக்கு 73664 என்று ஒவ்வொரு குறிக்கும் உரிய யூனிகோடு எண்ணை (கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் தரப்பட்டிருக்கும் பொது எண்ணை) குறிமுறையாக உள்ளிட்டிருந்தேன். எண்ணாகக் கிடந்ததால் அவை தப்பித்தன. இன்றும் அதே தளத்தில், அதே எழுத்துருவில், முந்திரி அழகாகத் தெரிகிறது. எழுத்துரு குற்றவாளி என்றால் இந்த இரண்டு பதிவுகளில் மட்டும் அது எப்படி ஒழுங்காக நடந்துகொள்கிறது?

மென்பொருள் வேலையில் இருக்கும் என் தங்கை மகன் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்துக் காரணத்தைச் சொன்னான். உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்குப் புரியும் என்பதால் இங்கே எழுதுகிறேன். கணினியின் சேமிப்பிடத்தை பைட் என்ற அலகால் அளப்பார்கள். வழக்கமான தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் பிடிக்கும். ௧, ௨ முதலிய எண்களும் ௰, ௱, ௲ ஆகியவையும் அப்படித்தான். பின்னக் குறிகளோ 2019 மார்ச்சில், யூனிகோடு 12.0 பதிப்பில்தான் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன; அவை ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட் வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் யூடிஎஃப்8 என்ற பெயரில் இருந்துவரும் பழைய அமைப்பு மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. நான்கை ஏற்பது யூடிஎஃப்8எம்பி4. வேர்ட்பிரஸ் 2015இல் வந்த 4.2 பதிப்பிலேயே இதற்கு மாறிவிட்டது. என் பழைய தளமும் அந்த அமைப்பில்தான் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று ஆண்டுகள் குறிகள் தங்கியிருக்க முடியாது. இப்போது புதிய வழங்கியில் என் அட்டவணைகள் எல்லாம் பழைய யூடிஎஃப்8இல் இருக்கின்றன. மாற்றியது நானில்லை.

அதனால்தான் முழு எண்கள் பிழைத்துக்கொண்டன, பின்னங்கள் மட்டும் செத்தன. "௧௨ வேலி, ? மா" என்று இருந்தால் பார்க்கிறவருக்குப் பாதிக் கணக்கு சரியாகவே தெரிகிறது; மீதியை அவராக ஊகித்துக்கொள்கிறார். மொத்தத் தளமும் விழுந்திருந்தால் அன்றைக்கே உங்களை அழைத்திருப்பேன். அது மட்டுமில்லை. திருத்தி எழுதலாம் என்று குறிகளை மறுபடி இட்டுச் சேமிக்கப் போனால், தரவுத்தளத்தில் பதிவைப் புதுப்பிக்க முடியவில்லை என்று தளம் மறுக்கிறது. எழுதியதும் போயிற்று, எழுதவும் வழியில்லை.

இனி அந்த ஏழாவது செருகுநிரல். உங்கள் பட்டியலில் "தினசரி காப்புப் பிரதி" என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறீர்கள். காப்பிலிருந்து மீட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். மீட்புப் பணிக்கு ₹3,500 கேட்டீர்கள். கட்டினேன். தனி முகவரியில் மீட்டுக் காட்டிய பிரதியில் மூன்று பதிவுகளும், வேர்ட்பிரஸ் எல்லோருக்கும் தானாக வைக்கும் அந்த முதல் வணக்கப் பதிவும் இருந்தன. அதாவது, தளத்தை என்னிடம் ஒப்படைத்த நாளில் எடுத்த பிரதி. அப்டிராஃப்ட்பிளஸ் அருமையான கருவி. நேரம் குறித்துவிட்டால் தானே பிரதி எடுத்துக் கூகுள் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். ஆனால் நேரம் குறிக்காதவரை அது கையால் இயக்கும் நிலையிலேயே நிற்கும். வெளியிடம் காட்டாதவரை அதே வழங்கியில்தான் சேமிக்கும். நீங்கள் நேரமும் குறிக்கவில்லை, இடமும் காட்டவில்லை. இதைக் கேட்டதற்கு உங்கள் ஊழியர் அனுப்பிய ஒற்றை வரி: "செருகுநிரல் நிறுவப்பட்டிருக்கிறது." ஆமாம், நிறுவப்பட்டிருக்கிறது. எங்கள் ஊர்த் தேர்முட்டியில் தீயணைப்பு வாளிகூட மாட்டப்பட்டிருக்கிறது. அதில் மணல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

என் பங்குத் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாளாவது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. "தினசரி" என்ற சொல்லை நம்பினேன்.

இழந்ததில் ஒன்பது பதிவுகளை இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கண்டெடுத்தேன். குறிகள் அத்தனையும் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. நான் ஒரு பைசாவும் கொடுக்காத சான்பிரான்சிஸ்கோ அமைப்பு ஒன்று என் மாகாணியைப் பத்திரமாக வைத்திருந்தது. மீதி 52இல் 38 பதிவுகளுக்கு என் கைக்குறிப்பேடு இருக்கிறது. பார்த்துத் தட்டச்சு செய்துவிடலாம், கண்தான் ஒத்துழைக்க வேண்டும். எஞ்சிய 14 பதிவுகள் வாசகர்கள் காட்டிய மூலப் பத்திரங்களைப் பார்த்து எழுதியவை. அவற்றை அன்றே அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் இரண்டு பேர் இன்று உயிரோடு இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். பழைய வழங்கியின் வட்டு இன்னும் அழிக்கப்படாமல் இருந்தால், அதை உடனே நிறுத்திவைத்து, என் தரவுத்தளத்தை யூடிஎஃப்8எம்பி4 அமைப்பிலேயே மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும், மற்றவை காத்திருக்கலாம். புதிய வழங்கியில் என் அட்டவணைகளையும் அதே அமைப்புக்கு மாற்றுங்கள். இப்போது கேள்விக்குறியாகவே பதிந்துவிட்ட இடங்கள் இந்த மாற்றத்தால் மட்டும் திரும்பி வராது என்பதை உங்கள் ஊழியருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "மாற்றிவிட்டோம், புகார் முடிந்தது" என்று ஐந்தாவது பதில் வந்துவிடக் கூடாது. காப்புப் பிரதியைத் தினமும் ஓடும்படி அமைத்து என் கூகுள் டிரைவில் சேருங்கள். அமைத்த மறுநாள் ஒரு பிரதியைத் திறந்து எனக்குக் காட்டுங்கள். எடுக்காத காப்பை மீட்டதற்கு வாங்கிய ₹3,500ஐத் திருப்பித் தாருங்கள். பழைய வட்டு அழிந்துவிட்டது என்றால் அதை எழுத்தில் தாருங்கள். அந்த நிலையில் மறுதட்டச்சுச் செலவுக்கும் மீட்க முடியாத 14 பதிவுகளுக்கும் இழப்பீடு பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன். உங்கள் சேவையை விட்டு விலகுவதைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. இடம் மாற்றுவது என்றாலே இப்போது பயமாக இருக்கிறது.

மயிலாடுதுறைக்காரருக்கு அவருடைய கணக்கைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். அரைக்காணியும் முந்திரியும் சேர்ந்து 18¾ குழி.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
நில அளவையர் (ஓய்வு)

இணைப்பு: 2021 பட்டியலின் நகல், நான்கு பதில்களின் நகல், சேதமான ஒரு பதிவு, சேதமாகாத ஒரு பதிவு ஆகியவற்றின் அச்சுப் பிரதிகள், ₹3,500 ரசீது.