பத்தாவது ஆள்

பெங்களூரு,
சனிக்கிழமை ராத்திரி

அன்புள்ள பாப்பா,

நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் ஃபோர்மேன் நின்றுகொண்டிருந்தார், அவர் காதுபட அதைப் பேச மனசு வரவில்லை. "இப்போ ஒன்பது பேர்ப்பா. பத்தாவது ஆளை ரோலில் காட்டாம ட்ரெயினின்னு வெச்சுக்கலாம்னு கன்சல்டன்ட் சொல்றார்" என்றாய். உன் கன்சல்டன்டை நான் பார்த்ததில்லை. ஆனால் இங்கே பீன்யா தொழிற்பேட்டையில் எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார்.

அது 2013. ரோலில், அதாவது சம்பளப் பட்டியலில், 19 பேர். 20 ஆனால் பி.எஃப். வந்துவிடும் என்று இன்னும் 5 பேரைப் பட்டியலில் காட்டாமல் வவுச்சரில் கூலி கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பி.எஃப். அதிகாரி ஒரு நாள் மூன்றரை மணிக்கு வந்தார். வருகைப் பதிவேட்டைக் கேட்டார், பார்த்தார், மூடி வைத்தார். அப்புறம் நேரே முனை டீக்கடைக்குப் போய் நம் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒரு வேளைக்கு 25 டீ. "மிச்சம் ஆறு டீயையும் நீங்களே குடிப்பீங்களா?" என்று கன்னடத்தில் சிரித்துக்கொண்டே கேட்டார். பழைய பாக்கி, அதற்கு வருஷம் 12 சதவீதம் வட்டி, அதற்கு மேல் அபராதம். ஆட்கள் பங்கையும் நானேதான் கட்டினேன். விட்டுப்போன மாதங்களின் பங்கை இப்போதைய சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. நீ இன்ஜினியரிங் சேர்ந்தபோது "கல்விக் கடன்தான் நல்லது, வரி மிச்சம்" என்று பெரிய லெக்சர் கொடுத்தேனே, உனக்கென்று போட்டு வைத்த எஃப்.டி. இப்படித்தான் போனது. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

சரி, உன் விஷயம். ட்ரெயினி என்று பெயர் வைத்துவிட்டு மற்றவர்கள் செய்யும் வேலையையே கொடுத்தால் அவனும் ஆள்தான். அப்ரென்டிஸ் சட்டப்படி முறையாகப் பதிந்திருந்தால் அது வேறு. 10 பேர் ஆனால் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கொடுக்கும் பணிக்கொடை, வரும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு 8 பேராகக் குறைந்தாலும் போகாது. 2013ஆம் வருஷத்துப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள் புகார்க் குழுவும் வைக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பயந்தா ஒரு பையனை ஒளித்து வைக்கப் போகிறாய்?

புதுத் தொழிலாளர் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. 29 மத்தியச் சட்டங்களைச் சேர்த்து நான்காகச் சுருக்கியிருக்கிறார்கள். விதிகள் தனியாக, மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன் என்று சொன்னால் பொய். எனக்குத் தெரிந்தது ஒரே வழி: நம் ஆள் ஒருவருடைய சம்பளச் சீட்டை எடுத்து, புதுக் கணக்கைப் பென்சிலால் போட்டுப் பார்ப்பது.

ஃபோர்மேன் சீட்டையே எடுத்தேன். மொத்தம் 48,000. பேசிக் 18,000, வீட்டு வாடகையும் போக்குவரத்துப் படியும் சேர்ந்து 30,000. இனி இந்த மாதிரிப் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளமாகவே கணக்காகும். பாதி 24,000. தாண்டியது 6,000. ஆக அவர் சம்பளம் 24,000. கிராஜுவிட்டி என்பது சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, வேலை செய்த வருஷங்களாலும் பெருக்குவது. 12 வருஷத்துக்கு 1,24,615 என்று நினைத்திருந்தது 1,66,154 ஆகிறது. ஒரே ஆளுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம். பி.எஃப். நாம் 15,000 உச்சவரம்பில் கட்டுவதால் மாதம் 1,800 அப்படியே நிற்கிறது, அவர் கைக்கு வருவதும் குறையாது. பேசிக்கைக் குறைத்துப் படியை ஏற்றச் சொன்னதும் அதே பழைய கன்சல்டன்ட்தான். எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் படிக்கும் பி.எஃப். உண்டு என்று சுப்ரீம் கோர்ட் 2019 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. அப்போதே சுதாரித்திருக்கலாம். சோம்பல்.

இன்னொன்று, இதில் நீ மாட்டிக்கொள்வாய். வேலையை விட்டுப் போகிறவனுக்குச் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், அவனே ராஜினாமா செய்தாலும். "அடுத்த மாசம் ஏழாம் தேதி எல்லோரோடும் வாங்கிக்கோ" என்பது இனி நடக்காது. போன மாதம் மில்லிங் பையன் ஒருவன் நின்றபோது பழக்கதோஷத்தில் அதையே சொல்லிவிட்டேன். மறுநாள் நானே கூப்பிட்டுக் கொடுத்தேன்.

மாநிலத்து விஷயங்கள் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் காலை வாரும். இங்கே தொழில் வரி மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300. உன் ஊரில் மாநகராட்சிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. என் கணக்கை வைத்துக்கொண்டு நீ எதையும் செய்யாதே. குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும், அதைக் காலண்டரில் குறித்து வை. அப்புறம் இங்கே பெண்களுக்கு மாதவிடாய்க்காக மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்று அரசாணை வந்தது. இன்ஸ்பெக்‌ஷனில் மூன்று பெண்கள் நம்மிடம் வேலை செய்கிறார்கள். இதை எப்படிச் சொல்வது என்று நான் இரண்டு நாள் மென்று முழுங்கினேன். கடைசியில் அம்மா சாப்பாட்டுக் கேரியரோடு வந்து அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போனாள்.

இனி எல்லோருக்கும் அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கட்டாயம். நம் படிவத்தைத் தமிழில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், சம்பளப் பிரிவையும் புதுக் கணக்குப்படி போட்டிருக்கிறேன். உன் ஆடிட்டரிடம் ஒருதரம் காட்டிவிடு. பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. அந்தப் பையன் பெயரை நீ போனில் சொல்லவே இல்லை.

கொத்தவரங்காய் வற்றல் அடுத்த பார்சலில் வரும்.

அப்பா