கவுண்டி வேலைக்குப் போகிறேன் என்ற மகளுக்கு

கயல் கண்ணு,

நேற்று போனில் நீ, சோஷியல் வொர்க் படித்துக் கவுண்டியில் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதும் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார், நான் "சரி, யோசிக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். அதை நீ மறுப்பு என்று எடுத்துக்கொண்டது உன் குரலிலேயே தெரிந்தது. மறுப்பெல்லாம் இல்லை. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன். உன்னைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போக அத்தனை சனிக்கிழமை காரோட்டியிருக்கிறேன், அதற்காகவாவது முழுசாகப் படி.

அப்பாவை என்னிடம் விடு. அவருடைய கவலை சம்பளமும், நண்பர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பதும்தான். அம்மிச்சிக்கு நான் நேற்றே சொல்லிவிட்டேன், கலெக்டர் ஆபீஸ் மாதிரி ஒரு இடத்தில் உத்தியோகம் என்று. "கவர்மென்டா, அப்போ நல்லதுதான்" என்று முடித்துவிட்டார். யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய பொய்யும் இல்லை. கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரிதானே. கலிஃபோர்னியாவில் 58 கவுண்டி, பணத்தில் ஒரு பங்கு வாஷிங்டனிலிருந்து வரும், சட்டதிட்டம் மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவிலிருந்து வரும், கதவைத் தட்டி ஆளைப் பார்க்கிற வேலை மட்டும் கவுண்டியுடையது. திட்டு வாங்குவதும் கவுண்டிதான்.

நான் இத்தனை வருஷம் கவுண்டி ஆபீஸில் இருந்தேன் என்பதால் எல்லாம் தெரிந்தவள் மாதிரி பேச மாட்டேன். நான் எலிஜிபிலிட்டி வொர்க்கர். கால்ஃபிரஷ் என்கிற உணவு உதவி, மெடிக்கால் என்கிற மருத்துவக் காப்பீடு, கால்வொர்க்ஸ் என்கிற குடும்பப் பண உதவி, இவற்றுக்கான மனுக்களைப் பார்ப்பது, சம்பளச் சீட்டும் வாடகை ரசீதும் கேட்டு வாங்குவது, கணினியில் ஏற்றுவது. எங்களிடம் விதிதான் முடிவெடுக்கும், காகிதம் சரியாக இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சோஷியல் வொர்க்கர்கள் அதே கட்டடத்தில் வேறு மாடியில் இருந்தார்கள், அவர்களுக்கு விதி பாதி தூரம்தான் துணைக்கு வரும். மீதி, யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு அந்த நேரத்தில் எடுக்கிற முடிவு. அந்த மாடியிலிருந்து எத்தனை பேர் இரண்டே வருஷத்தில் கிளம்பிப் போனார்கள் என்பதையும், யார் நிலைத்தார்கள் என்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்கிற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நீ குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு என்றாய். அடி உதையிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றும் வேலை என்று உன் மனதில் ஒரு படம் இருக்கிறது. அதுவும் உண்டு, ஆனால் பெரும்பகுதி அது இல்லை. இந்த நாடு முழுவதும் கணக்கெடுத்தால் பாதிக்கப்பட்டதாக உறுதியாகும் குழந்தைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் விஷயம் கவனிப்பின்மைதான். அதாவது ஃபிரிட்ஜ் காலி, அம்மா இரவு ஷிஃப்ட்டில், ஒன்பது வயதுப் பிள்ளை இரண்டு வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது, அல்லது அப்பாவுக்குப் போதைப் பழக்கம். இதில் எது வறுமை, எது அலட்சியம் என்று பிரிப்பதுதான் உன் வேலையாக இருக்கும். 2023 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் சட்டமே மாறியிருக்கிறது, பெற்றோருக்கு வசதியில்லை என்பதை மட்டும் வைத்துக் கவனிப்பின்மை என்று புகார் செய்யக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் வாடகை கட்ட முடியாத அம்மாவுக்குச் சட்டம் வாடகை கட்டாதே. நீ உதவித் திட்டங்களைத் துருவித் துருவித் தெரிந்துவைத்திருந்தால்தான் அந்த வீட்டுக்கு ஏதாவது கிடைக்கும், அதனால் எங்கள் மாடி ஆட்களோடு சிநேகமாக இரு. நிறைய சோஷியல் வொர்க்கர்களுக்கு கால்வொர்க்ஸ் எப்படி வேலை செய்கிறது என்றே தெரியாது, எனக்கு அதில் எப்போதும் எரிச்சல்.

நம் ஆட்களிடம் இந்தப் பிரிவைப் பற்றி எத்தனை பயம் என்று உனக்கே தெரியும். பிள்ளையை ஒரு தட்டு தட்டினால் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். காயம் ஏற்படாமல், வயதுக்குத் தகுந்த அளவில் பின்பக்கத்தில் ஒரு அடி கொடுப்பது இங்கே சட்டப்படி கொடுமை ஆகாது. புகார் சொல்வதற்கான ஹாட்லைன் போனுக்கு வருபவற்றில் பல, விசாரணை வரைக்கும் கூடப் போகாது. போனால், அவசரமானதற்கு உடனே ஆள் போக வேண்டும், மற்றதற்குப் பத்து நாள். பிள்ளையை எடுக்க வேண்டும் என்றால் நீதிபதியின் வாரண்ட் வேண்டும், அல்லது அதற்கும் நேரமில்லாத ஆபத்து இருக்க வேண்டும். எடுத்தால், விடுமுறை நாள் போக 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் மனு போட்டாக வேண்டும். போடாவிட்டால் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கோர்ட், ஒவ்வொன்றுக்கும் ரிப்போர்ட், அதை அம்மாவின் வக்கீல், அப்பாவின் வக்கீல், பிள்ளையின் வக்கீல் மூன்று பேரும் வரி வரியாகப் பிரித்து மேய்வார்கள். நீ கூண்டில் உட்கார்ந்து பதில் சொல்வாய்.

அதனால் கண்ணு, இது முதலில் எழுத்து வேலை. நீ பிள்ளைகளோடு பழகுகிறவள் என்பது நல்லதுதான், அது எல்லாருக்கும் இருக்கிறது. எட்டு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து, பார்த்ததைப் பார்த்தபடி, பார்க்காததை எழுதாமல், தேதி நேரம் போட்டு எழுதி வைக்கிறவர்கள்தான் குறைவு. 2013இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் எட்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டிலேயே சித்திரவதைப்பட்டு இறந்தான், அதற்கு முன் பல தடவை புகார் போயிருந்தது. 2016இல் இரண்டு சோஷியல் வொர்க்கர்கள் மீதும் அவர்களுடைய இரண்டு சூப்பர்வைசர்கள் மீதும் கிரிமினல் வழக்குப் போட்டார்கள், பதிவேட்டில் பொய் எழுதினார்கள் என்பதும் அதில் ஒரு குற்றச்சாட்டு. 2020இல் மேல் கோர்ட் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லிவிட்டது. தள்ளுபடி ஆனால் என்ன, நாலு வருஷம் போனது போனதுதான், பையன் போனது அதைவிடப் பெரிது. அதே 2013 டிசம்பரில் அந்தக் கவுண்டி சோஷியல் வொர்க்கர்கள் தலைக்கு இத்தனை கேஸ் தாங்காது என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்தே நீ மனதில் வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்க்கிறவர்கள் ஒன்று சோஷியல் வொர்க்கர்களைக் கொலைகாரர்கள் என்பார்கள், அல்லது அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்பார்கள்.

யூனியனில் சேர், கூட்டத்துக்கும் போ. கேஸ் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லி நீ தனியாகக் கேட்டால் சோம்பேறி என்பார்கள்.

நான் இவ்வளவு சொல்வது உன்னைப் பயமுறுத்த அல்ல. நீ போவதைவிட நீ நிலைப்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி கவுண்டியில் 2005இல் ஒரு கணக்கெடுத்தார்கள். ஃபாஸ்டர் கேரில், அதாவது பெற்றோரிடமிருந்து எடுத்துத் தற்காலிகமாக வேறு வீட்டில் வைக்கிற ஏற்பாட்டில் இருந்து, நிரந்தரமாக ஒரு வீடு கிடைத்துப் போன குழந்தைகளில் 74.5 சதவீதம் பேருக்குக் கடைசிவரை ஒரே வொர்க்கர்தான், இரண்டு வொர்க்கர்களைப் பார்த்தவர்கள் 17.5 சதவீதம்தான். சீக்கிரம் முடிகிற எளிய கேஸில் ஆள் மாற நேரமே இருக்காது, அதனால் அந்த எண்ணை அப்படியே நம்பாதே. ஆனாலும் ஆள் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு ஆய்வு தேவையில்லை. புது ஆள் வந்ததும் பிள்ளை முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், ஒரு கட்டத்துக்கு மேல் அது வாயைத் திறக்காது.

எங்கள் கட்டடத்தில் வெகுநாள் நிலைத்தவர்களில் ஒருத்தி என் மதியச் சாப்பாட்டுத் தோழி. அவளுடைய கார் டிக்கியை ஒரு தடவை பார்த்தேன். இரண்டு கார் சீட், ஒன்று கைக்குழந்தைக்கு, ஒன்று நடக்கிற பிள்ளைக்கு. மூன்று அளவில் டயப்பர். ஜிப் போட்ட துணிப்பை நாலைந்து, ஏனென்றால் ராத்திரி பிள்ளையைக் கூட்டிப்போகும்போது துணியைக் குப்பைப் பையில் போடக் கூடாது என்பது அவள் வைத்திருந்த சட்டம். கிரானோலா பார், போன் சார்ஜர், மூட்டைப்பூச்சி வீடுகளுக்கென்று தனியாக ஒரு ஜோடி செருப்பு. அவள் அழுது நான் பார்த்ததில்லை, ஆறு மணிக்கு மேல் ஆபீஸ் போனை எடுத்தும் பார்த்ததில்லை, அவள் முறை இல்லாத நாட்களில். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொன்ன புதுப்பிள்ளைகள் எல்லாம் இப்போது வேறெங்கோ இருக்கிறார்கள்.

இன்னொன்று, நீ தமிழ்ப் பெண் என்பது உதவும் என்று சொன்னாய். பாதி சரி. ஹெச்4 விசாவில், அதாவது கணவன் வேலை விசாவைச் சார்ந்து வந்த ஒரு பெண், வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டாள், கையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பாஸ்போர்ட்டும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும். மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடிப்பதற்குப் பதிலாக, தமிழ்தானே என்று என் ஜன்னலுக்கு அனுப்பினார்கள். நான் "வாங்கம்மா" என்றதும் அவள் முகம் இறுகிவிட்டது. முதல் கேள்வி, "நீங்க தமிழ்ச் சங்கத்துல இருக்கீங்களா?" நான் போனிலேயே மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளலாமா, வேறு ஆளிடம் போகலாமா என்று கேட்டேன், அவள் யோசித்து வேறு ஆளிடமே போனாள். உதவி பெறுகிறவர்கள் விவரம் ரகசியம் என்று சட்டம் இருக்கிறது, அதை நான் எழுத்துக்கூட மாறாமல் காத்தேன், ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்? அவளைக் கடையில் பார்த்தால்கூட நான் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டேன். நம் மொழி சில பேருக்கு ஆறுதல், சில பேருக்கு அதுதான் பயமே. கேட்டுவிட்டுப் பேசு.

சரி, இனி நடைமுறை. எம்எஸ்டபிள்யூ, அதாவது சோஷியல் வொர்க்கில் முதுகலை, இரண்டு வருஷம், அதில் களப்பயிற்சி மட்டும் குறைந்தது 900 மணி நேரம், அதற்குச் சம்பளம் கிடைப்பது அரிது. டைட்டில் ஃபோர்-ஈ என்று ஒரு உதவித்தொகை இருக்கிறது, கால்ஸ்வெக் என்கிற சோஷியல் வொர்க் கல்வி அமைப்பு வழியாக வருவது. எத்தனை வருஷம் வாங்குகிறாயோ அத்தனை வருஷம் குழந்தைகள் நலப் பிரிவில் வேலை செய்தாக வேண்டும், மனம் மாறினால் பணத்தைத் திருப்ப வேண்டும். நல்ல திட்டம்தான், ஆனால் அந்த வேலையை ஒரு நாள்கூடப் பக்கத்தில் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போடாதே.

என் யோசனை, உடனே படிக்கப் போகாமல் இந்த டிகிரியை வைத்தே ஏதாவது ஒரு கவுண்டியில் நுழை. எலிஜிபிலிட்டி வேலை கிடைத்தாலும் பரவாயில்லை, சில கவுண்டிகளில் ஆரம்பநிலை சோஷியல் வொர்க்கருக்கே பிஏ போதும். உள்ளே இருந்துகொண்டு பகுதிநேரமாக எம்எஸ்டபிள்யூ படிக்கிறவர்களுக்கும் அந்த உதவித்தொகை உண்டு. முதியோர் பிரிவையும் ஒரு கண் பார். வீட்டிலிருந்தபடியே பராமரிப்பு கொடுக்கிற ஐஹெச்எஸ்எஸ் திட்டத்தில், ஒரு பாட்டி தானாகக் குளிக்க முடியுமா, ஸ்டவ்வைப் பற்றவைக்க முடியுமா என்று பார்த்து மாதத்துக்கு எத்தனை மணி நேரம் உதவி என்று கணக்கிட வேண்டும், உச்சவரம்பு 283 மணி. மகனோ மருமகளோ பார்த்துக்கொண்டாலும் அவர்களுக்கே சம்பளம் கிடைக்கும். முதியோர் பாதுகாப்புப் பிரிவு 2022 முதல் 60 வயதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, அங்கேயும் ஆள் வேண்டும். எல்லாரும் குழந்தைகள் பிரிவுக்கே ஓடுகிறீர்கள்.

பின்னால் மனநல சிகிச்சை கொடுக்கிற சோஷியல் வொர்க்கருக்கான எல்சிஎஸ்டபிள்யூ லைசென்ஸ் வேண்டும் என்றால் மேற்பார்வையில் 3000 மணி நேரம் வேண்டும், கவுண்டி வேலை எல்லாமே அதில் சேராது. சேருவதற்கு முன்பே கேள். படிப்புக்கு அரசுக் கடன் வாங்கினால் கவுண்டி ஊழியருக்கு 120 தவணை கட்டியபின் மிச்சம் தள்ளுபடி. பென்ஷன், 2013 முதல் சேர்ந்தவர்களுக்கு 62 வயதில் வருஷத்துக்கு இரண்டு சதவீதம், அதாவது 25 வருஷம் இருந்தால் பாதிச் சம்பளம். இதை அப்பாவுக்கென்று தனியாக எழுதி வைத்திருக்கிறேன், கேட்கிற மாதிரி முகம் வைத்திருக்கும்போது காட்டுவேன்.

விண்ணப்பக் கட்டுரை எழுதினால் எனக்கு அனுப்பு. "சிறு வயதிலிருந்தே மற்றவர்களுக்கு உதவ விரும்பினேன்" என்று தொடங்கியிருந்தால் படிக்காமலே திருப்பிவிடுவேன். அப்புறம், கவுண்டி களவேலைக்கு லைசென்ஸும் இன்ஷூரன்ஸ் உள்ள வண்டியும் கேட்பார்கள். அந்த வேகத்தில் ஓட்டி வாங்கிய இரண்டு டிக்கெட்டையும் முடித்துவை, முன் டயர் இரண்டையும் மாற்று. பணம் இல்லையென்றால் சொல், அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்புகிறேன்.

அம்மா