பெரோத்தே செய்தது பொழுதுபோக்கு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் புதுச்சேரிச் சுற்றுலாக் கட்டுரையில் தாவரவியல் பூங்காவுக்கு ஒரே ஒரு வரி: '1826-இல் பெரோத்தே என்ற பிரெஞ்சுக்காரர் பொழுதுபோக்காக அமைத்தது.' படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. உங்கள் இதழில் இப்படி வரலாமா?

பூங்கா 1826-இல் தொடங்கியது சரி. அந்த வருஷம் ஜார்ஜ் சாமுவேல் பெரோத்தே ஆப்பிரிக்காவில், செனகலில் இருந்தார். நம் ஊருக்கு வந்ததே 1834-இல்தான். பிறந்தது சுவிட்சர்லாந்தில். இதெல்லாம் தாங்கள் அறியாததா? நீலகிரிக் காடுகளில் அலைந்து செடி சேகரித்தவர்; அந்த மலையின் பச்சைப் பாம்பு ஒன்றுக்கு அவர் பெயரையே அறிவியல் பெயரில் வைத்திருக்கிறார்கள். பூங்காவின் பொறுப்பில் இருந்து, 1870-இல் இங்கேயே காலமானார்.

நீலச் சாயம் தரும் அவுரிச் செடியைப் பற்றி 1842-இல் தனி நூலே எழுதினார். அது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். என் தாய்மாமா திண்டிவனம் பக்கம் அவுரி போட்டவர். அறுத்த தழையைத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். ஊறிய தண்ணீரை அடுத்த தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் உள்ளே நின்று கலக்கக் கலக்க, பச்சையாக இருந்தது நுரைத்து நீலமாகும். பிறகு அடியில் வண்டலாகப் படியும். தண்ணீரை இறக்கும் நேரம் கொஞ்சம் தப்பினாலும் சாயம் கெட்டுவிடும். மாமா அந்த இரவுகளில் தூங்கமாட்டார். இப்படிப்பட்ட பயிரை ஆராய்ந்து நூல் எழுதியவருக்கா பொழுதுபோக்கு?

வெள்ளைக்காரத் தெரு, கடற்கரை, உணவகம் என்றால் பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். செடிகொடி என்றால் ஒரு வரி, அதுவும் தப்பு. 2011-இல் வீசிய 'தானே' புயலில் ஊரெல்லாம் மரங்கள் சாய்ந்தபோது, எந்தெந்த மரம் போயிற்று என்று கணக்கெடுக்க வேண்டும் என உங்களுக்கு எழுதினேன், பிரசுரிக்கவில்லை. நான் பாடம் நடத்திய பள்ளியிலும் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துப்போகக் கேட்டால், 'பரீட்சைக்கு வராதே சார்' என்பார்கள். பக்கத்திலேயே இருந்தும் பார்க்காமல் படித்துப் போன பிள்ளைகளை நினைத்தால் இன்றும் வேதனைதான்.

உங்கள் இதழை நம்பித்தான் பிள்ளைகள் கட்டுரைப் போட்டிக்குக் குறிப்பு எடுக்கிறார்கள். ஆகவே, அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தமாவது வெளியிடும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி