மென்பொருள் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

என் கார் எஞ்சினில் கனெக்டிங் ராட் பேரிங் (பிஸ்டனின் அசைவைச் சுழலும் தண்டுக்குக் கடத்தும் கம்பியின் முனையில், உராய்வைக் குறைக்கும் பாகம்) சீக்கிரம் தேயும் குறை இருப்பதைத் தயாரிப்பு நிறுவனமே ஒப்புக்கொண்டு, சர்வீஸுக்கு அழைத்தது. ஆனால் பேரிங்கைத் தொடவே இல்லை. எஞ்சினின் கணினியில் புது மென்பொருளை ஏற்றி, இது தற்காலிக ஏற்பாடு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எஞ்சினின் அதிர்வை அறியும் நாக் சென்சார் என்ற கருவி வழியாக பேரிங் தட்டும் அதிர்வை உணர்ந்து, எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதுதான் இந்த மென்பொருளின் வேலை. சரி, எஞ்சின் ஓட்டத்திலேயே இறுகி நிற்பதைவிட இது மேல்தான். ஆனால் தட்டல் கேட்கும் நிலை வந்தால் தேய்மானம் ஏற்கெனவே முற்றிவிட்டது என்று பொருள். உலோகத் துகள்கள் ஆயிலில் கலந்து மற்ற பாகங்களையும் அரிக்கும். அப்புறம், நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தும்போது வேகம் திடீரென்று குறைந்தால் என்ன ஆவது? குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகவே பயமாக இருக்கிறது.

பேரிங்கை எப்போது மாற்றித் தருவார்கள் என்பதை நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். அதுவரை எஞ்சின் பழுதானால், வாரண்டி முடிந்திருந்தாலும், காரை வேறொருவருக்கு விற்றிருந்தாலும், செலவை அவர்களே ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கார் உரிமையாளர்